ஆச்சியின் கைப்பிடி 47 கிராம்: உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், உளுந்தங்களி செய்ய முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கத்தில் உளுந்தஞ்சோறு தெரியாத வீட்டைப் பார்ப்பது அரிது. தொலியோடு உடைத்த கருப்பு உளுந்து, அரிசி, பூண்டு, தேங்காய் எல்லாவற்றையும் ஒரே பானையில் பொங்கி, எள்ளுத் துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவோம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி வீட்டில் சனிக்கிழமை மதியம் வேறு எதுவும் சமைத்ததாக எனக்கு நினைவில்லை. தாத்தாவும் மாமாக்களும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தாமிரபரணிக்குக் குளிக்கப் போவார்கள். பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமை. உளுந்தஞ்சோறு மட்டும் எல்லோருக்கும் சனிக்கிழமைதான். ஆற்றிலிருந்து அவர்கள் கொண்டுவரும் சீயக்காய் வாசனையும் அடுப்படியில் வறுபடும் உளுந்தின் வாசனையும் பட்டாசல் என்கிற கூடத்தில் கலந்து நிற்கும். எங்களுக்குச் சனிக்கிழமையின் வாசனை அதுதான்.

இந்தச் சமையலை அளவோடு எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஆச்சி அல்ல, பெரியம்மா. பெரியம்மா இறந்தபோது அவர் வைக்கும் மாப்பிள்ளைச் சொதியும் அவரோடு போய்விட்டது. வீட்டில் அதன் ருசி தெரியாதவர்கள் இல்லை. அளவு தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இஞ்சிச் சாறு எவ்வளவு, எந்தத் தேங்காய்ப்பாலை எப்போது ஊற்றினார் என்று அம்மாவும் சித்தியும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான்கு முறை வைத்துப் பார்த்தோம். நான்கும் நல்ல சொதி. பெரியம்மாவின் சொதி வரவில்லை. அடுத்த மாதமே ஒரு சமையல் தராசு வாங்கிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். அது 2016 கோடை. ஆச்சிக்கு அப்போது 81 வயது.

ஆகவே இந்த வழிகாட்டியை அடுப்பிலிருந்து தொடங்காமல் தராசிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், உளுந்தஞ்சோற்றைவிட இந்தப் பகுதிதான் உங்களுக்கு அவசரம்.

கைப்பிடியை எடை போடுவது எப்படி

"எவ்வளவு போட வேண்டும்?" என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். "கண்ணளவுதான், மூன்று கை போடு" என்றார் ஆச்சி. அவர் எதையும் மறைக்கவில்லை. அறுபது வருடமாக அந்த அளவு அவர் கையில்தான் இருந்தது. அதற்கு எண் ஒன்று தேவைப்பட்டதே இல்லை. எண் நமக்குத்தான் தேவை. அதனால் எடை போடும் வேலையும் நம்முடையதுதான்.

சமையல் தொடங்கும் முன்பே உளுந்து டப்பா, மிளகாய் டப்பா, உப்பு ஜாடி, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவரைத் தொந்தரவு செய்யாமல் சமைக்க விடுங்கள். முடிந்ததும் மறுபடியும் எடை பாருங்கள். குறைந்திருப்பதுதான் அளவு. கையில் அள்ளியதைத் தட்டில் போடச் சொல்லி நிறுத்துப் பார்த்தால் அவர் கவனம் கையின் மேல் திரும்பிவிடும்; வழக்கமாக அள்ளுவதுபோல் அள்ள மாட்டார்.

ஒரு தடவை போதாது. நான் மூன்று சனிக்கிழமை பார்த்தேன். மூன்று கை உளுந்தும் சேர்ந்து 138, 144, 141 கிராம். ஒரு கைக்கு 46, 48, 47. விரல் நடுக்கத்தால் ஊசியில் நூல் கோக்க முடியாமல் என்னைக் கூப்பிடுகிறவரின் கை அது. அன்று இரவு என் கையால் அள்ளி நிறுத்தேன்: 58 கிராம். அவர் சொன்ன "மூன்று கை"யை என் கையால் போட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் 33 கிராம் கூடியிருக்கும், சோறு களியாகியிருக்கும்.

அரிசி அளக்க அவரிடம் பித்தளை உழக்கு ஒன்று இருந்தது. உழக்குகளில் கூடக்குறைய இருக்கும் என்பதால் அதில் தண்ணீர் நிரப்பி அளந்தேன்: 330 மில்லி. அரிசியைத் தலைதட்டி அளந்தால் 280 கிராம். உங்கள் வீட்டில் பழைய டம்ளரோ கரண்டியோ அளவுபாத்திரமாக இருந்தால் அதையும் இப்படி அளந்து வையுங்கள். பாத்திரம் தொலையலாம், பங்கு பிரிக்கும்போது வேறு வீட்டுக்குப் போய்விடலாம்.

எண்களோடு அவர் சொல்லும் சொற்களையும் அப்படியே எழுதுங்கள். "முகம் சிவக்க", "கை ஒட்டாமல்" என்பவை பக்குவத்தின் பெயர்கள். அவற்றை நாமாக மாற்றிச் சொன்னால் பொருள் போய்விடும். ஏன் என்ற கேள்விகளைச் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எரியும்போது கேட்டால் பதிலும் சரியாக வராது, சமையலும் கெடும்.

உளுந்தஞ்சோறு

நான்கு பேர் வயிறாரச் சாப்பிட:

- அரிசி 280 கிராம் (ஆச்சி புழுங்கலரிசிதான் போடுவார், பச்சரிசியிலும் செய்யலாம்)
- தொலியோடு உடைத்த கருப்பு உளுந்து 140 கிராம்
- நாட்டுப் பூண்டு 15 பல்
- வெந்தயம் ஒரு தேக்கரண்டி
- சீரகம் ஒரு தேக்கரண்டி
- சுக்கு சுண்டுவிரலில் பாதி நீளம், தட்டியது
- துருவிய தேங்காய் 70 கிராம். ஒரு மூடியில் ஏறக்குறைய பாதி
- கல் உப்பு இரண்டு தேக்கரண்டி
- மேலே ஊற்ற நல்லெண்ணெய்

எடையில் அரிசி இரண்டு பங்கு என்றால் உளுந்து ஒரு பங்கு. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் எத்தனை பேருக்கும் பொங்கலாம்.

முதல் வேலை உளுந்தை வறுப்பது. இதில் தவறினால் பிறகு சரிசெய்ய வழியில்லை. சென்னையில் நானாக முதன்முறை செய்தபோது, எப்படியும் வேகப்போகிறதே என்று வறுக்காமல் போட்டேன். குக்கரைத் திறந்தால் கரண்டியோடு சேர்ந்து மேலே எழும்பும் பசைபோல் இருந்தது. உளுந்தின் வழவழப்புதான் இட்லி மாவைப் பொங்கவைக்கிறது. சோற்றில் அது வேண்டாதது. வறுத்தால் அந்த வழவழப்பு அடங்கும், மணமும் வரும்.

கனமான இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் நடுத்தரத் தீக்கும் கீழே வைத்து வறுங்கள். கருப்புத் தொலியில் நிறம் மாறுவது தெரியாது. அதனால்தான் ஆச்சி "முகம் சிவக்க" என்பார். உடைத்த பருப்பில் ஒரு பக்கம் கருப்புத் தொலி, மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளைப் பக்கத்தைத்தான் அவர் முகம் என்றது. பாலாடை நிறத்தில் இருக்கும் முகம் முதலில் சந்தனமாகும்; ஓரத்தில் மெல்லச் சிவக்கத் தொடங்கும்போது இறக்கிவிட வேண்டும். 140 கிராமுக்கு ஐந்து, ஆறு நிமிடம் ஆகும். நான்கைந்து பருப்பை உள்ளங்கையில் கொட்டி, சன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள். முழு முகமும் பழுப்பாகிவிட்டால் கசப்பு தட்டும். இறக்கும் நேரத்தில் வெந்தயத்தையும் சட்டியில் போட்டு அந்தச் சூட்டிலேயே புரட்டிக்கொண்டால் போதும். தனியாக வறுக்க வேண்டாம்.

வறுத்த உளுந்து ஆறியபின் அரிசியோடு சேர்த்து இரண்டு தண்ணீரில் களையுங்கள். ஊறவைக்காதீர்கள், தொலி கழன்று மிதக்கும். அந்தத் தொலியில்தான் இந்தச் சோற்றின் சாம்பல் நிறமும் பாதி மணமும் இருக்கின்றன.

குக்கரில் என்றால் 1400 மில்லி தண்ணீர். வாய் திறந்த பானையில் என்றால் 1750 வரை பிடிக்கும். தண்ணீர் கொதித்த பிறகு அரிசி, உளுந்து, வெந்தயம், பூண்டு, சீரகம், சுக்கு, உப்பு, தேங்காயில் பாதி எல்லாவற்றையும் போட்டுக் கலக்குங்கள். மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்துவிட்டு அதன்பின் மூடுங்கள். உளுந்து நன்றாக நுரைத்துப் பொங்கும். ஐந்து லிட்டர் குக்கராவது வேண்டும், பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் வைத்து இறக்கி, ஆவி தானாக அடங்கும்வரை விடுங்கள். திறந்ததும் மீதித் தேங்காயைத் தூவி, அகப்பைக் காம்பால் கிளறுங்கள். மசிக்க வேண்டாம். பூண்டு முழுதாகக் கிடக்க வேண்டும். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சோற்றைவிட அந்தப் பூண்டுக்குத்தான் சண்டை போடுவோம். ஆச்சி 15 பல் என்று கணக்காகப் போட்டதும் அதனால்தான். அப்போது நாங்கள் ஐந்து பேர்; ஆளுக்கு மூன்று.

இலையில் சோற்றைப் போட்டு நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றுங்கள். நெய் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நெய் இந்த உளுந்தின் மணத்தை அமுக்கிவிடும். நல்லெண்ணெய் தூக்கிக் கொடுக்கும். கூட ஒரு அப்பளம் சுட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு ஆற்றுக்கு அக்கரையிலேயே கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பெயர் பெற்ற ஊர். ஆச்சி அப்பளத்தை எண்ணெயில் பொரிக்காமல் கரித் தணலில் காட்டிச் சுடுவார்.

எள்ளுத் துவையல்

மேலே சொன்ன சோற்றுக்குக் கருப்பு எள் 40 கிராம், வற்றல் மிளகாய் ஆறு, உருட்டு உளுந்து (தொலி நீக்கிய முழு உளுந்து) ஒரு மேசைக்கரண்டி, கோலிக்குண்டு அளவு புளி, பூண்டு மூன்று பல், துருவிய தேங்காய் 30 கிராம், உப்பு, பெருங்காயம் கொஞ்சம், மிளகளவு கருப்பட்டித் துண்டு. வெள்ளை எள்ளிலும் வரும், ஆனால் தொலி நீக்கிய எள் வேண்டாம். மணமும் தொலியோடுதான் இருக்கிறது, எள்ளின் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கும் தொலியில்தான்.

எள்ளை அரிக்காமல் வறுக்கக் கூடாது. மணல் ஒரு பொடி இருந்தாலும் துவையல் முழுவதும் பல்லில் நறநறக்கும். வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் விட்டு எள்ளைப் போட்டுக் கையால் அலசி, மேலே எழும் எள்ளைத் தண்ணீரோடு சாய்த்து வடிகட்டியில் விடுங்கள். மணல் அடியில் தங்கும். இரண்டு முறை செய்து, துணியில் பரப்பி ஈரம் போகவிடுங்கள்.

கருப்பு எள்ளின் பக்குவத்தையும் கண்ணால் பார்க்க முடியாது. காதுதான் சொல்லும். சட்டி சூடானதும் எள்ளைப் போட்டுக் கிளறினால் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறிக்கும். சட்டென்று படபடவென்று பொரியும். அந்தப் பொரிச்சல் உச்சத்துக்குப் போய்த் தளரத் தொடங்கும் இடத்தில் இறக்க வேண்டும். இறக்கினால் போதாது, அந்தக் கணமே வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியின் சூட்டிலேயே எள் கருகிக் கசந்துவிடும்.

இதை எழுதி விளக்க முடியாது என்று அன்றே தெரிந்தது. அதனால் மூன்றாவது சனிக்கிழமை கைபேசியை அடுப்புத் திண்ணையில் வைத்து ஒலியைப் பதிவு செய்தேன். மொத்தம் இரண்டு நிமிடம் பத்து விநாடி. முதலில் ஒன்றுமில்லை, புறவாசலில் காக்கை கத்துகிறது. பிறகு பொரிச்சல். ஒரு நிமிடம் 52 விநாடியில் ஆச்சியின் குரல்: "ஏளா, கொட்டு." அடுத்து எள் தட்டில் விழும் சத்தம். நான் இன்றைக்கும் எள் வறுக்கும்போது அதைப் போட்டுவிட்டுத்தான் வறுக்கிறேன். என் அடுப்பின் தீ வேறு, சட்டி வேறு. ஆனாலும் பொரிச்சல் தளரும் ஓசை ஒன்றுதான்.

அதே சட்டியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு மிளகாய், உருட்டு உளுந்து, பூண்டு, பெருங்காயம் வறுத்து, தேங்காயை ஈரம் போகப் புரட்டிக்கொள்ளுங்கள். அரைக்கும் வரிசை முக்கியம். முதலில் மிளகாயும் உப்பும் புளியும். அவை மசிந்தபின் உளுந்தும் தேங்காயும் பூண்டும். எள்ளும் கருப்பட்டியும் கடைசியில். எள்ளை முதலிலேயே போட்டு நெடுநேரம் அரைத்தால் எண்ணெய் பிரிந்து துவையல் பிசுக்காகிவிடும். மிக்சியில் என்றால் விட்டுவிட்டு நான்கைந்து சுற்று போதும். தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும். ஆச்சியின் அம்மியில் இது கெட்டியாக, ஒன்றிரண்டு எள் அகப்படும்படி வரும். உருட்டி வைத்தால் நிற்க வேண்டும்.

உளுந்தங்களி

இது சனிக்கிழமைச் சமையல் அல்ல. எனக்கு இது முதலில் வந்தது பதின்மூன்றாவது வயதில், நான் பெரியவளான மறுநாள்.

என்னை அரங்கு என்கிற உள்ளறைக்குப் பக்கத்து அறையில் தனியாக உட்காரவைத்திருந்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய். யாரும் தொடக் கூடாது. என்ன நடந்தது என்று எனக்கு ஒருவரும் விளக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் ஆச்சி வெண்கலக் கும்பாவில் களி கொண்டுவந்தார். வாசலில் வைத்துவிட்டுப் போகவில்லை. உள்ளே வந்து என் பாயிலேயே உட்கார்ந்தார். களியை உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழித்து, நல்லெண்ணெய் ஊற்றி என் கையில் வைத்தார். "இடுப்புக்குப் பலம். எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதான், எனக்கும் வந்தது, உன் அம்மாவுக்கும் வந்தது" என்றார். பிறகு என் தலையை வாரிப் பின்னிவிட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அந்த ஒதுக்கிவைத்தலை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. களியை ஏற்றுக்கொண்டேன்.

மாவுக்கு: தொலி உளுந்து 200 கிராம், பச்சரிசி 50 கிராம். உளுந்தை மேலே சொன்னபடி முகம் சிவக்க வறுத்து, அரிசியைத் தனியாகப் பொரியும்வரை வறுத்து, ஆறியதும் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஈரம் படாத டப்பாவில் ஒரு மாதம் இருக்கும்.

களிக்கு: மாவு 130 கிராம், கருப்பட்டி 160 கிராம், தண்ணீர் 600 மில்லி, நல்லெண்ணெய் 75 மில்லி. கருப்பட்டியை உடன்குடிப் பக்கத்திலிருந்து வருவதாகப் பார்த்து வாங்குவோம். உடைத்த இடத்தில் சீனிப் பரல்போல மினுமினுத்தால் ஆச்சி திருப்பிக் கொடுத்துவிடுவார்.

1. கருப்பட்டியைத் தட்டி 400 மில்லி தண்ணீரில் கரையவிட்டு, ஒரு கொதி வந்ததும் துணியில் வடிகட்டுங்கள். மண்ணும் தும்பும் நிச்சயம் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள்.

2. மீதி 200 மில்லி பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். ஆச்சி கொதிக்கும் பாகிலேயே மாவைக் கொட்டி, களிக்கம்பால் கிண்டுவார். அதற்கு அவருடைய தோள் வேண்டும். புதிதாகச் செய்கிறவர்களுக்குக் கரைத்து ஊற்றுவதுதான் நல்லது.

3. பாகை அடிகனமான உருளியில் மறுபடி கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறுகையால் கிண்டுங்கள். மூன்று, நான்கு நிமிடத்தில் இறுகும். அப்போதிருந்து எண்ணெயைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். முந்தைய கரண்டியைக் களி குடித்தபின்தான் அடுத்தது. கையை நிறுத்தினால் அடிபிடிக்கும்.

4. பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். பச்சை மாவு வாடை போய், களி கருத்துப் பளபளத்து, உருளியின் ஓரம் விட்டுத் திரண்டு வரும். ஈரக் கையால் தொட்டுப் பாருங்கள். "கை ஒட்டாமல்" என்றால் அதுதான். ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் கிண்டுங்கள்.

சூடாக இருக்கும்போதே கையில் எண்ணெய் தடவிக்கொண்டு எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக உருட்டுங்கள். ஆறினால் விண்டுபோகும்.

ஆச்சி 2018இல் காலமானார். போன ஆண்டு தம்பி மகள் பெரியவளானாள். தனி அறை, தனித் தட்டு எதுவும் வைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டாசலில் எங்களோடுதான் இருந்தாள். நான் களி கிண்டினேன். அளவெல்லாம் நோட்டில் இருந்தது. எண்ணெய்க் குழி மட்டும் இல்லை. ஆச்சியின் கட்டைவிரல் குழியில் எவ்வளவு பிடிக்கும் என்று நான் அளக்கவே இல்லை. என் விரலால் குழித்து ஊற்றினேன், இரண்டு தேக்கரண்டி பிடித்தது. அவள் வாயில் வைத்ததும் எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. "அத்தை, கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள்" என்றாள். அடுத்த உருண்டைக்கு ஒன்றரை. அது சரியாக இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.